சம உயரக் கட்அவுட்

பூமித்தாய் தாங்கும் எல்லையை உணர்ந்துவிட்ட மனிதகுலத்தில் இனிக் கட்சிப் பகைக்கு இடமில்லை என்று மேடையில் முழங்கினார் வார்டு செயலாளர் கொளஞ்சியப்பன். எதிர்க்கட்சி வார்டு செயலாளர் ஆடலரசு பக்கத்தில் நின்று கைதட்டினார். அப்போது தெருவே இருண்டது.

தெருவுக்கு இவ்வளவுதான் கரண்ட் என்று அளந்துவிடும் காலம் அது. அளவு தீர்ந்தால் ஒரு வாரம் இருட்டு. தீர்த்தவர் தேர்தலில் நிற்க முடியாது. கொளஞ்சிக்கோ கவுன்சிலர் சீட்டு ஏறக்குறைய கைக்கு வந்திருந்தது.

இந்த நல்லிணக்க விழாவுக்கு இரண்டு கட்சித் தலைவர்களுக்கும் சம உயரத்தில் கட்அவுட் என்றுதான் பேச்சு. ஆடலரசு தன் தலைவரின் தலைக்குப் பின்னால் சீரியல் பல்பில் ஒளிவட்டம் போட்டார். கொளஞ்சி விடுவாரா? தன் தலைவரின் ஒளிவட்டத்தைச் சுற்ற விட்டார்.

"உங்காளு சுத்துனதுலதான்யா போச்சு," என்றார் ஆடலரசு இருட்டில்.

"உங்காளு மட்டும் நிலா வெளிச்சத்துலயா மின்னுனாரு? மாட்டுனா ரெண்டு பேரும்தான் மாட்டுவோம்."

ஆடலரசு யோசித்தார். "தெருக்கோடியில அந்த அஞ்சலை பொழுதன்னிக்கும் இஸ்திரி போடுதே..."

"அதானே. அந்தப் பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கும்," என்று கொளஞ்சி அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

வார்டின் வரலாற்றில் முதல்முறையாக இரு கட்சிகளும் ஒன்றாகக் கையெழுத்திட்டு அஞ்சலை மேல் புகார் கொடுத்தன.

அஞ்சலையிடம் இருப்பது அடுப்புக்கரி போட்டுச் சூடாக்கும் கரிப்பெட்டி. விழாவுக்கு அவர்கள் போட்டு வந்த வெள்ளைச் சட்டைகளை அதில்தான் தேய்த்துக் கொடுத்திருந்தாள்.