இரண்டு சிட்டிகை

முழங்கை வரை கை மீன் தொட்டித் தண்ணீருக்குள் இருந்தது.

வலது கையில் பழைய டூத்பிரஷ். இடது கையில் ரப்பர் குழாய். அவர் சுரண்டச் சுரண்ட, குழாய் உறிஞ்சிக் கீழே வாளியில் கொட்டியது.

கடற்பஞ்சு. பாத்திரம் தேய்க்கிற பஞ்சுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் இதற்கு உயிர் இருந்தது. யாரும் அழைக்காமல் வந்து, மஞ்சளாய்ப் பாறையெங்கும் பரவி, இப்போது தொட்டியில் வளர்க்கும் பவளத்தின் விளிம்பைத் தொட்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் விட்டால் பவளத்தை மூடிவிடும்.

பவளம் மகளுடையது. தொட்டி, விளக்கு, கோமாளி மீன் எல்லாமே தாரணி வாங்கியவை. மெல்பர்னில் வேலை கிடைத்ததும் அப்படியே விட்டுப் போனாள்.

முதல் தடவை வீராப்பாக, குழாய் இல்லாமலே சுரண்டினார். துணுக்குகள் தொட்டி முழுக்கப் பறந்தன. ஒட்டிய இடத்திலெல்லாம் குடித்தனம் நடத்த ஆரம்பித்தன.

வளர்ப்பு மீன் கடைக்காரர் போனில் படத்தைப் பார்த்துச் சிரித்தார். தப்பு பஞ்சின் மேல் இல்லையாம். மீன் தின்றது போக மிஞ்சுவதில்தான் அது வளர்கிறதாம். தீனியைக் குறைக்கச் சொன்னார்.

குறைத்தார்.

வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சிட்டிகை போடுவது வழக்கம். அதை அரைச் சிட்டிகையாக்கினார்.

பஞ்சு அசையவில்லை.

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் என்றால் மனைவிதான்.

சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது. மகள் இருந்தவரை மகள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அம்மாகிட்ட சொல்லு. அப்பாகிட்ட கேளு. அவள் போனதும் அந்த வழி அடைபட்டது.

சோறு மேசைமேல் மூடியிருக்கும். அவர் தானே போட்டுக்கொண்டு சாப்பிடுவார். இன்னொரு நாற்காலியில் மடிக்காத துணி குவிந்து கிடக்கும். மனைவி எப்போது சாப்பிடுகிறாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்கலாம்தான். இத்தனை மாதம் கேட்காததை எப்படித் திடீரென்று கேட்பது?

சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் ஆபீஸ் மதியமே விட்டுவிட்டது.

கம்பிக்கதவில் சாவியை வைத்தபோது உள்ளே மனைவியின் குரல் கேட்டது. விருந்தாளி போலிருக்கிறது என்று நினைத்து நடைபாதை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

யாரும் இல்லை. தொட்டி முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் மீன் தீனி.

"பசிக்குதா? இந்தா. அவரு மறந்துருப்பாருன்னு எனக்குத் தெரியும். தாரணி ஏர்போர்ட்லயே சொல்லிட்டுப் போனா. அப்பா மறந்துடுவாரு, நீ போட்டுரும்மான்னு."



அதே ஏர்போர்ட்டில் அதே மகள் அவர் காதிலும் சொல்லியிருந்தாள். அம்மா மறந்துடுவாங்க, நீங்க போட்டுருங்கப்பா.

மனைவி மீனிடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். முட்டி வலி. மேல் வீட்டுத் துணி சொட்டுவது. வெண்டைக்காய்க் குழம்பில் புளி கூடிப்போனது. இவ்வளவும் இந்த வீட்டிலா நடந்தது என்று இருந்தது அவருக்கு.

சத்தம் போடாமல் லிஃப்ட் பிடித்துக் கீழே போனார். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல்மேசையில் சீனக் கிழவர்கள் சீனச் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் புரியாமலே வெகுநேரம் பார்த்தார். ஒரு மீன் மேல் பொறாமைப்படுவதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

இருவரும் போடும் தீனியில்தான் பஞ்சு வளர்கிறது என்று அவளிடம் சொன்னால் தீனி போடுவதை நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் யாரிடம் பேசுவாள்?

அவரே நிறுத்திக்கொள்வதென்று முடிவு செய்தார்.

மறுநாள் புத்தாண்டு விடுமுறை. காலையில் பழக்க தோஷத்தில் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டார். ஞாபகம் வந்ததும் வெறுங்கையோடு மூடினார். வழக்கமாக அந்த நேரம் மனைவி சந்தைக்குப் போயிருப்பாள். இன்று சந்தை இல்லை. திரும்பிப் பார்த்தபோது அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பார்வை மூடியின் மேல் இருந்தது. அப்படியே உள்ளே போய்விட்டாள்.

வார இறுதியில் வாளியையும் குழாயையும் எடுத்து வந்தார்.

சுரண்ட அதிக வேலை இல்லை. பஞ்சு ஓரங்களில் வெளுத்திருந்தது. பவளத்தை விட்டுக் கொஞ்சம் பின்வாங்கியும் இருந்தது. வாத்தியார் பாராட்டிய பையன் மாதிரி அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

பிறகுதான் மீனைப் பார்த்தார்.

கண்ணாடியில் முட்டி முட்டி அவர் விரலைத் துரத்தியது. வயிறு ஒட்டியிருந்தது.

ஸ்டூல் எங்கே என்று கண்ணால் தேடினார். அது அடுப்படியில் இருந்தது. அதன் மேல் வெங்காயக் கூடை.

அன்று மூடியைப் பார்த்தவள், அவரே தினமும் தீனி போடுகிறார் என்று நினைத்துத் தான் போடுவதை நிறுத்தியிருக்கிறாள். இத்தனை நாளாக மீனும் பட்டினி. அவளும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர்தான் பேச வேண்டும்.

அடுப்படிப் பக்கம் திரும்பினார். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. கேள்வி மட்டும் வந்தது.

"சாப்டாச்சா?"

மீனைப் பற்றித்தான் கேட்டார்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. 

"இன்னும் இல்ல," என்றாள் மனைவி. குரல் கரகரத்திருந்தது. "ரெண்டு தட்டு எடுக்கவா?"

தண்ணீருக்குள் இருந்த கையை அவர் வெளியே எடுத்தார்.

துடைத்துக்கொண்டு, மீனுக்கு ஒரு முழுச் சிட்டிகை போட்டார்.

பிறகு மேசைக்குப் போய், இன்னொரு நாற்காலியில் கிடந்த துணியை அள்ளிக் கீழே வைத்தார்.