செவ்வாய்க்கிழமைக் கோடு

"பதிவெல்லாம் உள்ளேயே இருந்தா போதுமா சார், இல்ல மெமரி கார்டும் வேணுமா?"

"வேணும்."

"பென் டிரைவ்ல எடுத்துக்கற வசதி?"

"அதுவும் வேணும்."

"ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு கேபிள் இழுக்கணுமா, வைஃபை போதுமா?"

"ரெண்டும் போடுங்க," என்றார் மேனேஜர், அடுத்தவர் செலவில் ஓட்டலுக்கு வந்தவரைப்போல. "அப்புறம், முதலாளியம்மா எங்க இருந்தாலும் அவங்க போன்ல ஓவன் சூடு கோடா ஓடணும். நடுவுல யாரும் திருத்தக் கூடாது."

"ஒரு தடவை பதிவாயிட்டா நானே நினைச்சாலும் மாத்த முடியாது சார்," என்றார், ஓவன் சூட்டைப் பதிவு செய்யும் ரெக்கார்டரை மாட்ட வந்திருந்த கம்பெனி இன்ஜினியர்.

மேனேஜர் ஓவன்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டியாய்யா? ஒரு மாசம் ஓடட்டும். உன் வண்டவாளம் தண்டவாளம் ஏறப் போகுது. அப்புறம் வீட்டுல உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டிருக்கலாம்."

ஓவன்காரர் அடுத்த தட்டை ஓவனுக்குள் தள்ளினார். அந்த பிஸ்கட் ஃபாக்டரியின் ஓவனைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். கொஞ்ச காலமாகப் பத்துத் தட்டுக்கு மூன்று தட்டு கருகியோ வெளுத்தோ வந்தது. பழியைச் சுமக்க ஒரு தலை தேவைப்பட்டது. மேனேஜரின் தலை எப்போதும் பெரிய யோசனைகளில் மும்முரமாக இருந்ததால், ஓவன்காரரின் தலை ஏகமனதாகத் தேர்வாகியிருந்தது.

"அந்தப் பொட்டி எல்லாத்தையும் பாக்குமாமே," என்றாள் வீட்டில் மனைவி. "நீங்க கம்முனு உங்க வேலையப் பாருங்க."

"பத்தொம்பது வருஷமா அதைத்தான பண்றேன்?"

"அப்புறம் ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

ஒரு மாதம் கழித்து முதலாளியம்மா வந்தார். இன்ஜினியரும் வரவழைக்கப்பட்டார். ஓவன்காரர் கதவோரம் நின்றார். சுவரில் இருந்த பெரிய திரையில் ஓவனின் சூடு கோடாக ஓடியது.

"ஞாயித்துக்கிழமை ஓவன் இல்ல, சரி," என்றார் முதலாளியம்மா. "அஞ்சு நாள் மலையும் பள்ளமுமா இருக்கு. செவ்வாய்க்கிழமை மட்டும் ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கே, எப்படி?"

இந்தக் கேள்விக்காகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவர்போல மேனேஜர் எழுந்தார். "அங்கதான் மேடம் இருக்கு சூட்சுமம்! நெருப்பு எங்கயாவது அப்படி நேரா எரியுமா? சென்சார் வயரைக் கழட்டி விட்டுட்டுத் தூங்கியிருக்கான். பாவம், மெஷின் பழைய நம்பரையே திருப்பித் திருப்பி எழுதியிருக்கு."

"வயர் கழண்டா கோடே வராது சார்," என்றார் இன்ஜினியர் சங்கடத்துடன். "இது நிஜமான சூடுதான்."

மேனேஜர் இன்ஜினியரை முறைத்தார். 'உன் பில்லுல நான்தான கையெழுத்துப் போடணும்' என்று அந்தப் பார்வை சொன்னது.

முதலாளியம்மா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை வெந்த பிஸ்கட்ல ஒரு தட்டுகூடக் கழிவு இல்ல." பிறகு ஓவன்காரரை நேராகப் பார்த்தார். "பயப்படாம சொல்லுங்க. அன்னைக்கு மட்டும் அப்படி என்ன பண்றீங்க?"

ஓவன்காரர் கதவை விட்டு ஓரடி முன்னே வந்தார். "ஒண்ணும் பண்றதில்லம்மா."

"பாத்தீங்களா மேடம்!" மேனேஜர் மேஜையைத் தட்டினார். "அவன் வாயாலயே வந்துருச்சு!"

"மத்த நாள்லயும் நான் ஒண்ணும் பண்றதில்லம்மா. காலையில கேஸ் வால்வை ஒரு தடவை வெச்சா வெச்சதுதான்." ஓவன்காரர் மேனேஜரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "செவ்வாய்க்கிழமை சாருக்கு வார லீவு. வந்து வந்து திருகறதுக்கு ஆள் இல்ல."