கோட்டையிலே கோட்டை விட்டவர்

"வேர்த்துக் கொட்டினாலும் சரி, இந்தக் கோட்டைக் கழற்றிடாதீங்க," என்றாள் ஜோசஃபின், பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக.

கிரிகரி தலையாட்டினார். கோட்டும் சேர்ந்து ஆடியது. உடம்பு போடுவார் என்று நம்பித் தாராளமாகத் தைக்கக் கொடுத்தவள் அவள்தான். மனுஷன் போட்டால்தானே.

"இதையும் பத்திரமா வெச்சுக்குங்க." வழியெல்லாம் அவர் மோந்துகொண்டே வந்த எலுமிச்சம்பழத்தைக் கோட்டுப் பையில் போட்டாள். பஸ் என்றாலே அவருக்குக் குமட்டும். அதற்காகச் சுற்றிலும் கிராம்பு குத்தி எடுத்து வந்த பழம்.

பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயில் சங்கம் வாடகை பஸ் பிடித்து மலாக்காக் கோட்டை பார்க்க வந்திருந்தது. மற்றவர்களுக்கு உல்லாசப் பயணம், ஜோசஃபினுக்குப் பரீட்சை. அதே மாதிரி கறுப்புக் கோட்டில் கூட வந்திருந்த முன்னாள் ஸ்டேஷன் மாஸ்டர் ரபேலின் மகனுக்குத்தான் அவள் தங்கச்சி டொரத்தியைப் பேசியிருந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பெண். ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி கிரிகரிதான் முன்னால் நின்று கட்டிக் கொடுக்க வேண்டும்.

"அக்கா புருஷன் ஆள் எப்படின்னு பார்த்துட்டுச் சொல்றேன்," என்று சொல்லி அனுப்பியிருந்தார் ரபேல்.

கோட்டை என்று நின்றது ஒரே ஒரு வாசல்.

"மதிலெல்லாம் எங்கே போச்சு?" என்று யாரோ கேட்டு வைத்தார்கள். ரபேலுக்கு அது போதாதா?

"போர்த்துகீசியன் கட்டினான். கடலைப் பார்த்து பீரங்கி வெச்சான். நம்மளை யாரு அசைக்கிறதுன்னு இருந்தான். டச்சுக்காரன் மாசக்கணக்கா வளைச்சு நின்னான், உள்ளே சோத்துக்கு வழியில்லை, கோட்டை விட்டான். அப்புறம் இங்கிலீஷ்காரன் வந்து வெடி வெச்சுத் தகர்த்துட்டான். மிச்சம் இதுதான். கையிலே இருக்கிறதைக் காபந்து பண்ணத் தெரியாதவன் கதை இப்படித்தான்லா."

சொல்லிவிட்டுக் கிரிகரியை ஒரு பார்வை பார்த்தார்.

குன்றின்மேல் சவேரியார் உடலை வைத்திருந்த பழைய கோயிலைப் பார்க்க ஆம்பிளைகள் ஏறினார்கள். பெண்கள் வாசல் நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள்.

போனவர்கள் இறங்கி வந்து சாப்பிட்டும் ஆயிற்று. ரபேலையும் கிரிகரியையும் மட்டும் காணோம். தனியாகப் பேசுகிறார்கள் போலிருக்கிறது, நல்லதுதான் என்று ஜோசஃபின் மனசுக்குள் செபமாலை உருட்டினாள்.

கடைசியில் வந்தார்கள். ரபேல் கறுப்புக் கோட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு விறைப்பாக வந்தார். பின்னால் கிரிகரி, வெறும் சட்டையோடு.

ஜோசஃபின் எழுந்து எதிரே போனாள்.

"கோட்டு எங்கே?"

"மேலே வெக்கை தாங்கலை. கழற்றிச் சுவர்மேலே வெச்சது. திரும்பிப் போய்த் தேடினோம், காணோம். எவனோ கொண்டுபோயிட்டான்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"விடு, ஜோசி."

ரபேல் தொண்டையைச் செருமினார். "போர்த்துகீசியன் கோட்டை விட்டான். நம்ம கிரிகரி கோட்டையிலே கோட்டை விட்டுட்டார்."

சங்கமே சிரித்தது. ஜோசஃபினுக்குப் பூமிக்குள்ளே போய்விடலாம் போலிருந்தது.

திரும்பும் வழியில், சிரம்பான் வளைவுகளில் கிரிகரி முகம் வெளுத்தது.

"பழத்தை எடுத்து மோந்துக்குங்களேன்."

"கோட்டுப் பையிலே இருந்துச்சு."

"அதுவும் போச்சா?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "டொரத்தி கல்யாணத்தையும் சேர்த்துல்ல கோட்டை விட்டுட்டீங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டார்.

பக்கத்து வரிசையில் ரபேல் அதே சிலேடையைப் பின்சீட்டுக்காரர்களுக்கு மறுபடி எடுத்துவிட்டார். பஸ் மறுபடி சிரித்தது. சிரித்த சிரிப்பில் அவருக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கைக்குட்டை தேடிக் கோட்டுப் பையில் கைவிட்டார்.

கையோடு வந்தது ஓர் எலுமிச்சம்பழம். சுற்றிலும் கிராம்பு.

ரபேல் சிரிப்பை நிறுத்தினார். நிமிர்ந்தால், இந்தப் பக்கம் ஜோசஃபின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவள் அந்தக் கோட்டைச் சரியாகப் பார்த்தாள். கிரிகரி மேல் தொளதொளத்தது ரபேலின் தொந்திக்கு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. கோட்டை விட்டது யார், தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தது யார் என்று புரிந்தது. தன் புருஷன் எதற்கு வாயை மூடிக்கொண்டு இத்தனை ஏச்சும் வாங்கினார் என்பதும் புரிந்தது. வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கிழவரைச் சும்மா விடக்கூடாது என்றிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே இருந்த தலை திரும்பவில்லை. கிரிகரியின் கை மட்டும் வந்து அவள் கையை அழுத்தியது.

"என்ன ஸ்டேஷன் மாஸ்டர், கையிலே என்ன அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைகள் திரும்பின. ரபேல் பழத்தை உள்ளங்கையில் மறைக்கப் பார்த்தார்.

ஜோசஃபின் முந்திக்கொண்டாள்.

"தலை சுத்துதேன்னு நான்தான் கொடுத்தேன். கூச்சப்படாம மோந்துக்குங்க, சம்பந்தி. நம்ம வீட்டுப் பழம்தானே."