மல்லாட்டையின் ரிசல்ட்

ரத்தம் எடுத்து முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

திண்டிவனத்தில் கால்நடை டாக்டர் சித்தார்த்தனின் மேசைமேல் மல்லாட்டை நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னங்கால்களை நான் பிடித்திருந்தேன். அவன் சும்மாதான் நின்றான். நான்தான் பிடியை விடவில்லை.

மல்லாட்டை என் கணவரின் நாய். கோலியனூர்ப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் குட்டியாகக் கிடைத்தவன். நிறமும் வேர்க்கடலைத் தோல் மாதிரி. எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு என்ன பெயரோ அதுவே இவனுக்கும் பெயராகிவிட்டது.

அவர் ஜெர்மனியில் இருக்கிறார். கல்யாணமான இருபதாம் நாள் விமானம் ஏறினார். நானும் மல்லாட்டையும் விழுப்புரத்தில் அத்தையோடு இருக்கிறோம். லீவு கிடைக்காது, நீ வரும்போது அவனையும் கூட்டி வந்துவிடு என்று போனில் சொன்னார்.

சரி என்றேன். பெரும்பாலும் நான் சொல்வது அதுதான்.

அங்கே இறங்கியதும் நாயைத் தனியாக அடைத்துவைக்காமல் இருக்க, இங்கே எல்லாம் வரிசையாக நடக்க வேண்டும். முதலில் கழுத்துத் தோலுக்கு அடியில் சிப். பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. தெரு முகாமில் மல்லாட்டைக்குப் போட்ட ஊசி அப்படித்தான் வீணானது. மறுபடி போட்டு, ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஊசி உடம்பில் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதையெல்லாம் ஜெர்மன் மொழியிலேயே படித்துத் தெரிந்துகொண்டேன். விலங்கியல் படித்ததால் பாதி புரிந்தது. மீதிக்கு அகராதி. ஆய்வகத்துக்கு ஜெர்மனிலேயே மெயில்கூட எழுதினேன். பதில் வந்தது.

எனக்கும் ஒரு பரீட்சை இருந்தது. அந்த மொழியில் தேறினால்தான் மனைவிக்கு விசா. படிப்பது, எழுதுவது, கேட்பது, பேசுவது. சென்னைக்குப் போய் மூன்றாவது முறையாக எழுதிவிட்டு வந்திருந்தேன். பேசும் பகுதியில் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் ஓர் அட்டை. அதில் தண்ணீர் என்று ஒரே ஒரு சொல். அதை வைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ரிசல்ட் வந்துச்சா என்று வீட்டில் தினமும் கேட்டார்கள்.

எந்த ரிசல்ட் என்று நான் கேட்டதில்லை. வரலைங்க என்பேன்.

சிப்பைப் படிக்கும் கருவியை டாக்டர் மல்லாட்டையின் கழுத்தருகே கொண்டுபோனார். அது கீச்சென்றது.

"எங்க வாணி வாயிலேர்ந்து ஒரு சத்தம் வர்றதுக்குள்ள பொழுது போயிடும் சார். இவன் கழுத்துலேர்ந்து எவ்ளோ ஜல்தியா வருது பாருங்க," என்றார் பக்கத்தில் நின்ற அத்தை.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிப்பின் எண்ணையும் காலையில் ஆய்வகத்திலிருந்து வந்த தாளில் இருந்த எண்ணையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பாஸ் என்றார். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி தேவைக்கு மேலேயே இருக்கிறதாம். இன்னும் இரண்டு மாதம் வீட்டில் வைத்திருந்தால் நேராக விமானம் ஏறலாம், கூட ஆள் மட்டும் போக வேண்டும் என்றார்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே மகனுக்குப் போன் செய்தார்.

"திருமுருகா, ரிசல்ட் வந்திடுச்சிடா. ரெண்டு டிக்கெட்டா போடு. இவ நாயைக் கூட்டிக்கினு வர்றாளா, நாய் இவளக் கூட்டிக்கினு வருதான்னு நீயே பாத்துக்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மல்லாட்டைமேல் கோபமாகவும் இருந்தது. அவன் எதுவுமே செய்யவில்லை. ஒரு ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் படுத்துத் தூங்கினான். கேட்ட கேள்விக்கு அவன் உடம்பே பதில் சொல்லிவிட்டது. இதற்கெல்லாம் ஒரு நாயின்மேல் கோபம் வருமா என்று தெரியவில்லை. அவனை இறக்கிவிடவும் தோன்றவில்லை.

அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டு என் முகத்தருகே நீட்டினார்.

ரிசல்ட் வந்துச்சாமே என்றார் அவர். குரலெல்லாம் சிரிப்பு.

மல்லாட்டை என் மணிக்கட்டை நக்கினான்.

டாக்டரும் அத்தையும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இரண்டு பேர். அன்றைக்கு மாதிரியே.

"ரெண்டும் வந்திடுச்சிங்க," என்றேன். "மல்லாட்டை பாஸ். நான் போன வாரமே பெயிலு."