ஒரு நாள் பிரேக்

"ஊசியைக் கீழ வைம்மா! நீ இன்னிக்கு ஸ்டாஃபே இல்ல!"

மருத்துவ உதவியாளர் நிமிரவில்லை. லாரி டிரைவரின் முன்கை அவள் எதிரே பிளந்து கிடந்தது. தகரத்தில் கிழித்துக்கொண்டு வந்திருந்தான். பதினோரு தையல் வேண்டும், ஆறுதான் முடிந்திருந்தது.

வாசலில் நிர்வாக அதிகாரி ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சார் சொல்றீங்க? எட்டு மணிக்கே வந்து இருபது பேரைப் பார்த்துட்டேன்."

"அது தப்பு. உன் கான்ட்ராக்ட் நேத்தோட முடிஞ்சிருச்சு. நாளைக்குப் புதுசா போடுவோம். இன்னிக்கு ஒரு நாள் பிரேக்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற கூத்து இது. விடாமல் வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார்களாம். அதனால் ஒரு நாள் வீட்டுக்கு விரட்டி, மறுநாள் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த ஒரு நாளில் எவனுக்கும் அடிபடாது என்று எந்த மேதாவி கண்டுபிடித்தானோ! ஆறு வருடமாக அவள் தற்காலிகம்.

"இன்னும் அஞ்சே தையல் சார். முடிச்சுட்டுப் போயிடறேன்."

"ஒண்ணுகூடக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

டிரைவருக்கு வந்ததே கோபம். "யோவ், பாதிச் சட்டையைத் தைச்சுட்டு எந்திரிச்சுப் போற டெய்லரை எங்கயாச்சும் பார்த்திருக்கியா? மிச்சத்த நான் பல்லால கடிச்சுப் பிடிச்சுக்கணுமா?"

"டாக்டர் வந்து தைப்பாரு."

"டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு. வர ரெண்டு மணி நேரமாகும்" என்றாள் அவள். "தைக்கச் சொன்னதே அவர்தான். மரத்துப்போறதுக்குப் போட்ட ஊசி அதுக்குள்ள தெளிஞ்சுடும். அண்ணே, கையை ஆட்டாதீங்க."

ஏழாவது தையல் விழுந்தது.

அதிகாரியின் காது சிவந்தது. "நான் சொல்லச் சொல்ல தைக்கிறியா? டெம்பரவரிக்கு இவ்வளவு திமிரா?"

"டெம்பரவரி நான்தான் சார். இவர் கை டெம்பரவரி இல்ல."

எட்டு.

அவர் பேனாவை எடுத்தார். கடிதத்தைச் சுவரில் வைத்து, 'புதுப்பிக்க வேண்டாம்' என்று எழுதி, கீழே நீளமாகக் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கு நீ வர வேணாம். என்னைக்குமே வர வேணாம்!"

அவள் கை நின்றுவிட்டது. வீட்டில் அவள் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிகிறது.

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தான். "விட்டுடு தங்கச்சி. நான் துணியைச் சுத்திக்கிட்டுப் போறேன். என்னால உன் பொழைப்பு போக வேணாம்."

"பேசாம இருங்கண்ணே."

ஒன்பது. பத்து. பதினொன்று. முடிச்சுப் போட்டு நூலை வெட்டினாள். கையுறையைக் கழற்றி வாளியில் வீசினாள்.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்துக் கிளார்க் அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். அதிகாரி கடிதத்தை அவரிடம் நீட்டினார். "இதை உடனே ஃபைல்ல போடுங்க!"

கிளார்க் அம்மா அதை வாங்கவில்லை. தன் கையிலிருந்த உறையை அவரிடம் கொடுத்தார்.

"உங்களைத்தான் சார் தேடிட்டிருக்கேன். இன்னிக்குக் காலையில வந்த தபால் கட்டுல இவங்க கடிதத்தை மட்டும் உருவிக்கிட்டு ஓடி வந்துட்டீங்க, அதுக்கு அடியில இருந்ததைப் பிரிக்கவே இல்லையே! உங்க கான்ட்ராக்ட்டும் நேத்தோட முடிஞ்சிருச்சு. இன்னிக்கு நீங்க போடுற கையெழுத்து எதுவும் செல்லாதாம்."