கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

வாய் அசைவது தெரியும், வார்த்தை கேட்காது. கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார்கள், கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். நடுவில் நிற்பது எது? சொல்லுங்கள் பார்க்கலாம்.

சுவர் என்றால் தப்பு. சுவரில் வாய் எப்படித் தெரியும்? பாட்டுப் பதிவு செய்யும் கூடத்தின் கண்ணாடி அது. இந்தப் பக்கம் பாடுகிற அறை. அந்தப் பக்கம் மிஷின் அறை. அங்கே இருப்பவர் பொத்தானை அழுத்திப் பேசினால்தான் இங்கே கேட்கும்.

பாடுகிற அறையில் பெரியவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது.

“பச்சைக் குழந்தை தலையில ஏங்க இந்தப் பாரத்தை ஏத்துறீங்க?” என்றாள் அவர் மனைவி, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றியபடி.

“எப்பவும் நடக்கறதுதானே. சிட்டு சொன்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது.”

சிட்டு அவருடைய தம்பி மகள். ஒன்பது வயது. முகத்துக்காகப் பேசத் தெரியாது. போன வருஷம் பெற்ற அப்பா பாடியதையே, “பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்குப்பா” என்றவள்.

அந்த அப்பாதான் சின்னவர். நாட்டுப்பாட்டையும் கிட்டாரையும் கலந்து இருபது வருஷமாகப் பேர் வாங்கிய குழு, அண்ணன் தம்பி இருவருடையது. பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பதிவு செய்து வெளியிடுவது எல்லாம் சின்னவர். உருக வேண்டிய இடம் வந்தால் மட்டும் மைக் பெரியவர் கைக்குப் போகும்.

குழுவில் யார் இருப்பது, யார் போவது என்றாலும் கடைசியில் சிட்டுவின் காதுதான். குழல்காரர் அப்படித்தான் போனார். டிரம்ஸ்காரரும் அப்படியே. “குழந்தையே சொல்லிட்டா, நான் என்ன செய்யட்டும்? காதுக்கு உறவு கிடையாது” என்று சின்னவர் கையை விரிப்பார். அழுதவர்களைத் தேற்றி வாசல் வரை கொண்டுபோய் விட்டது பெரியவர்தான்.

இன்று அவருடைய முறை.

நாளை மறுநாள் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். டாக்டர் பூசி மெழுகவில்லை. “பேச்சு வந்துடும். பாட்டை மறந்துடுங்க” என்றுவிட்டார்.

வேலைக்குப் போய்த் திரும்பி வராத அப்பாவைப் பற்றிய பாட்டு ஒன்று, புது ஆல்பத்தில் பாக்கி. காலையில் அதைச் சின்னவர் ஒரு தடவை பாடினார், பெரியவர் ஒரு தடவை பாடினார். மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை அனுப்ப வேண்டும்.

“சிட்டு கேக்கும்போது பாடினவங்க பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு சட்டம். உங்க தம்பி மட்டும் இருக்கலாமாக்கும்?”

“மிஷினை யாராவது ஓட்டணும்ல?”

“நல்லா ஓட்டுவார்.”

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு” என்று சிரித்தார் பெரியவர். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிட்டு, தலையை விடப் பெரிய ஹெட்போனோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது. சின்னவர் ஏதோ கேட்டார். மறுபடி அசைந்தது.

சின்னவர் பொத்தானை அழுத்தினார்.

“அண்ணே.”

“சொல்லுப்பா.”

“முதல்ல போட்டது என்னோடது. ரெண்டாவது உங்களோடது.” கொஞ்ச நேரம் ஒலிபெருக்கி இரைந்தது. “முதலாவதாம்.”

பெரியவர் துண்டை இறுக்கிக்கொண்டார். “சரி” என்றார்.

“தோள்ல தூக்கி வளர்த்தீங்களே!” மனைவி பிளாஸ்க்கை நங்கென்று வைத்தாள். “வளர்த்த கடா மார்புல பாஞ்சிடுச்சு. பெரியப்பாவுக்கு இதான் கடைசின்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் சொன்னா பாரு, அதான் காது.”

கனமான கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் மிஷின் அறைக்கு வந்தார்கள். சின்னவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். ஹெட்போன் சிட்டுவின் மடியில் கிடந்தது.

பெரியம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. பெரியவர்தான் முட்டி போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“பயப்படாதே கண்ணு, எனக்கு ஒண்ணும் கோபமில்ல. எந்த இடத்துல இடறிச்சுன்னு மட்டும் சொல்லு.”

சிட்டு ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள்.

“அண்ணே, விடுங்க. குழந்தையைக் குடையாதீங்க” என்றார் சின்னவர்.

“ரெக்கார்டுக்குக் கேக்கல தம்பி. எனக்காகக் கேக்கறேன். இன்னும் ரெண்டு நாள் தொண்டை இருக்கு. அந்த ஒரு வரியையாவது திருத்திப் பாடிட்டுப் போறேனே. சொல்லும்மா, நடுவுல மூச்சு வாங்கினேனே, அங்கயா? இல்ல, கடைசில கம்மிப் போச்சே, அதா?”

“சிட்டு, நீ வெளியே போய் விளையாடு.” சின்னவரின் குரல் உயர்ந்தது. “எந்திரி.”

சிட்டு எழுந்தாள். ஹெட்போனை மேசைமேல் வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். கதவு திறந்தே இருந்தது.

“எங்கயும் இடறல பெரியப்பா. நான் ரெண்டாவதைத்தான் சொன்னேன்” என்றாள்.