தானாக நீங்கிய பெயர்

இசக்கியம்மாள் தன் பேராசிரியர் மீது புகார் கொடுத்துவிட்டு ஆய்வைப் பாதியில் விட்டுப் போனவள். அவள் எழுதி அச்சில் வந்தது ஒரே ஒரு கட்டுரை. அதே பேராசிரியரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த தமயந்தி அதைத் தன் கட்டுரையில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தாள். இதழுக்கு அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்த பேராசிரியர் அந்த வரியில் பேனாவை வைத்தார்.

"இது வேண்டாம்மா. இடத்தை அடைக்குது."

தமயந்தி ஏன் என்று கேட்கவில்லை. கணினியில் அந்த வரியை மட்டும் நீக்கினாள். துணைநூல் பட்டியலை மென்பொருள் தானே திருத்திக்கொண்டது. அறுபத்து நான்கு பெயர்கள் அறுபத்து மூன்றாயின. இசக்கியம்மாளின் பெயரைத் தன் கையால் அடிக்க நேராதது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

கட்டுரை வெளிவந்த வாரம் இசக்கியம்மாள் போன் செய்தாள்.

"அக்கா, என் கட்டுரையக் குறிப்பிட்டிருக்கேன்னு சொன்னீங்களே, பட்டியல்ல ரெண்டு தடவ தேடிட்டேன். என் பேரக் காணலியே?"

"நான் எடுக்கலடி. சாப்ட்வேர்ல எப்படியோ விட்டுப்போச்சு."



"அது தானா எடுக்காதுக்கா. உள்ள இருக்குற வரிய யாராவது எடுத்தாத்தான் எடுக்கும்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தமயந்தியும் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம்.